ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பொயிலர்

தமிழர் ஒரு புத்தகம் போட்டால் அதில் முதலில் வருவது புத்தகம் அல்ல. ஆசியுரை வரும், வாழ்த்துரை வரும், அணிந்துரை வரும், கழுத்துப்பட்டி கட்டிய பதினைந்து பேரின் படம் வரும். இவ்வளவையும் தாண்டி வருகிற வைராக்கியம் உள்ளவனுக்குத்தான் புத்தகம். மொன்றியலில் விக்டோரியா அவெனியூவில் அச்சகம் வைத்திருந்த அரியரத்தினத்துக்கு இது மழை மேலிருந்து கீழே பெய்வது போன்ற ஒரு விதி. கலியாண அட்டை, சாமத்திய வீட்டு அட்டை, முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று பதினாறு வருடமாக அடித்துத் தள்ளியவர் அவர். இறந்துபோனவருக்கே பத்துப் பெரிய மனிதரின் செய்தி இல்லாமல் மலர் வராத சமூகத்தில், உயிரோடு இருக்கிறவருக்கு எப்படி வெறும் புத்தகம் போடுவது?

ஆகவே 2006ஆம் ஆண்டு ஆவணி மாதம், போதகர் எஸ்ரா ஹோல்டர் தட்டச்சுத் தாள் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, "பிரதர் அரி, இதை நூற்றைம்பது பிரதி போடவேண்டும்" என்று சொன்னபோது, அரியரத்தினம் அன்று மாலையே தன் சபைத் தலைவர் கிருபானந்தனுக்கு வாழ்த்துரை கேட்டு ரெலிபோன் எடுத்தார். மரியாதைக்குத்தான் எடுத்தார். உலகத்தில் பாதிக் கெடுதல் மரியாதைக்குத்தான் நடக்கிறது.

போதகர் ஹோல்டருக்கு எண்பத்துநாலு வயது. கறுப்பினத்தவர். பார்படோஸ் தீவில் பிறந்து, இருபத்தொரு வயதில் இங்கே வந்து, ரயிலில் படுக்கைப் பெட்டிச் சிப்பந்தியாகப் பதினோரு வருடம் ஓடி, பிறகு இறையியல் படித்து, லிட்டில் பர்கண்டியில் ஒரு செங்கல் தேவாலயத்தில் முப்பத்தைந்து வருடம் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவர். அந்தத் தேவாலயத்துப் பக்க மண்டபத்தில்தான் மட்டக்களப்பிலிருந்து வந்த மெதடிஸ்த தமிழர்கள் பதினெட்டு வருடமாக ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குக் கூடுகிறார்கள். அரியரத்தினம் அதன் செயலாளர். கிருபானந்தன் மட்டும் பருத்தித்துறைக்காரர். மட்டக்களப்பாரின் சபைக்கு யாழ்ப்பாணத்துத் தலைவர் எப்படி வந்தார் என்று கேட்கக்கூடாது. அது எங்கும் நடப்பதுதான்.

போதகரின் புத்தகத்துக்கு 'செய்ததும் செய்யாததும்' என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பிரசங்கியார்கள் எழுதினால் முதல் பக்கத்திலேயே தேவதூதர் இறங்குவார் என்று பயந்துகொண்டுதான் அரியரத்தினம் வாசிக்கத் தொடங்கினார். தேவதூதர் யாரும் வரவில்லை. "பயணிகள் எங்கள் எல்லோரையும் ஜோர்ஜ் என்றே கூப்பிட்டார்கள். வின்னிபெக் ரயிலில் நாங்கள் நாலு ஜோர்ஜ்கள்" என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில், "என் முதல் பிரசங்கம் ஐம்பத்திரண்டு நிமிடம். யாரும் மனந்திரும்பவில்லை. பலர் திரும்பித் திரும்பி மணிக்கூட்டைப் பார்த்தார்கள்" என்று இருந்தது. நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்ததும், சபையார் லசால், புரோசார்ட் என்று புறநகர்களுக்குக் குடிபோனதும், முந்நூறு பேர் இருந்த வாங்குகளில் எண்பது பேர் மிஞ்சியதும் மூன்றே பக்கத்தில் வந்துவிட்டன. அழுகை இல்லை.

பிறகு ஏழாம் அத்தியாயம் வந்தது. அதை அரியரத்தினம் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து வாசித்தார்.

"1988 தை மாதம், கையில் ஒரு கோப்பு வைத்திருந்த மனிதர் இரண்டு தரம் வந்து, தமிழ்ச் சனங்களுக்கு மண்டபத்தைத் தரமுடியுமா என்று கேட்டார். நீளமாகக் கேட்டார். பொயிலர் பழுது, மண்டபத்தில் சூடு இல்லை என்று சொல்லி இரண்டு தரமும் அனுப்பினேன். பொயிலர் பழுதாக இருக்கவில்லை. மூன்றாம் தரம், ஆசுப்பத்திரித் துப்புரவு உடுப்போடு ஒரு பெண் வந்தார். அவரிடமும் பொயிலர் பழுது என்றேன். 'பரவாயில்லை, நாங்கள் கோட்டோடு இருப்போம்' என்றார். சாவியைக் கொடுத்தேன். அந்த ஞாயிறு எங்கள் ஆராதனை முடிந்ததும் நானே நிலவறைக்கு இறங்கி, மண்டபத்துக்குச் சூடு போகும் குழாயை வால்வில் பூட்டினேன். ஐந்து ஞாயிறு பூட்டினேன். மேலே என் அறையில் சூடு இருந்தது. கீழே அவர்கள் பாடுவது எனக்குக் கேட்டது."

அதற்குக் கீழே, "அவர்கள் வந்தால் எங்கள் இடம் போய்விடும் என்று பயந்தேன். எனக்குப் படுக்க இடம் தராத ஊர்களுக்கெல்லாம் பதினோரு வருடம் ரயிலில் போய்வந்தவன் நான். கதவை எப்படிச் சாத்துவது என்று நன்றாகப் பழகியிருந்தேன்" என்று இருந்தது.

அதற்கும் கீழே: "ஆறாம் ஞாயிறுக்கு முன் அவர்களில் ஒருவர் பொயிலர் திருத்த வந்தார். இரண்டு மணித்தியாலம் நிலவறையில் இருந்தார். திருத்தியாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு உண்மை தெரியுமா என்று நான் இதுவரை கேட்கவில்லை."

அந்த ஒருவர் அரியரத்தினம். ஊரில் அரிசி ஆலையில் பொயிலர் பார்த்தவர். நிலவறைக்குள் இறங்கிய இரண்டாவது நிமிடம் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வால்வைத் திறந்தார். மேலே வந்து, "கடுமையான பழுது, ஒரு மாதிரி சரி பண்ணியாச்சு" என்று சபைக்கு அறிவித்தார். பதினெட்டு வருடமாக ஒரு குஞ்சுக்கும் சொல்லவில்லை. மனைவி றோஸ்மேரிக்கு மட்டும் அன்றே சொன்னார். மனைவியிடம் சொன்னதைச் சொன்னதாக எந்தக் கணவனும் கருதுவதில்லை.

மூன்று கிழமைக்குள் பதினேழு வாழ்த்துச் செய்திகள் வந்து குவிந்தன. வீடு விற்பனை முகவர் ஒருவர், காப்புறுதி முகவர் இருவர், நகைக்கடை முதலாளி, மூன்று சங்கங்களின் தலைவர்கள், அவற்றில் ஒரு சங்கத்திலிருந்து பிரிந்துபோன சங்கத்தின் தலைவர். போதகரை இவர்களில் நாலு பேர் தூரத்திலிருந்து கண்டிருக்கலாம். நினைவு மலர்களுக்கே எழுதிப் பழகிய ஒருவர், "அன்னாரின் பிரிவால் துயருறும் குடும்பத்தாருக்கு" என்று முடித்திருந்தார். கிருபானந்தனின் செய்தி மட்டும் ஆறு பக்கம். பெயருக்கு முன்னால் 'சமூகஜோதி' என்று பட்டம். பட்டம் கொடுத்த கழகத்துக்கு அப்போது செயலாளராக இருந்தவரும் அவரே.

அச்சுக்குப் போகுமுன் பார்வைப் பிரதியைத் தானே ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கிருபானந்தன் கடைக்கு வந்தார். தன் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கத்தான். ஏழாம் அத்தியாயத்தில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"அரி, இதில கோப்பு வைச்சிருந்த மனிசன் எண்டு ஒரு ஆள் வருதே, அது ஆர்?"

"நீங்கதான் அண்ணன்."

"நான் நீளமாக் கதைச்சனானாம்."

"ஓம். போட்டிருக்கு."

இதில் சங்கடம் பெரிது. சபையின் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் கிருபானந்தன் சொல்லும் கதை ஒன்று உண்டு. தான் போதகரைச் சந்தித்து, தமிழரின் துயரத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தபோது, போதகரின் கண் கலங்கி, "கிருபா, இனி இது உங்கள் வீடு" என்று தன் கையைப் பிடித்தார் என்பது கதை. முதல் வருடம் கண் கலங்கியது. ஐந்தாம் வருடம் ஒரு சொட்டு விழுந்தது. போன வருடம் போதகர் விம்மினார்.

"இந்த அத்தியாயம் வேண்டாம்" என்றார் கிருபானந்தன். "எனக்காகச் சொல்லேல்லை. அவரின்ர மரியாதைக்காகச் சொல்லுறன். எண்பத்துநாலு வயசு. ஞாபகம் பிசகியிருக்கும். நாங்கள்தான் பாதுகாக்க வேணும்."

"அவர் எழுதினது அண்ணன். நான் எப்படி எடுக்கிற?"

"தாள் எவ்வளவு எடுத்தனீர்?"

"எட்டு ஃபாரத்துக்கு. பதினாறு பக்கப்படி நூற்றிருபத்தெட்டுப் பக்கம்."

"புத்தகம் நூற்றிப் பன்னிரண்டு. எங்கட செய்தியள் இருபத்தெட்டு. பன்னிரண்டு பக்கம் கூடுது. ஏழாம் அத்தியாயம் எத்தினை பக்கம்?"

அரியரத்தினம் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு.

"பாத்தீரே?" என்றார் கிருபானந்தன், செங்கடல் பிளந்ததைக் கண்ட மோசேயின் குரலில். "கர்த்தரே அளவெடுத்துத் தந்திருக்கிறார். போய்ப் பதமாச் சொல்லும்."

பதமாகச் சொல்வதில் அரியரத்தினம் மன்னன். 105ஆம் இலக்க பஸ் எடுத்துப் போதகரின் வீட்டுக்குப் போனார். முதியோர் குடியிருப்பில் நாலாம் மாடியில் ஓர் அறை. போதகர் அவரை இருத்திவிட்டுச் செய்திகளைத்தான் முதலில் கேட்டார். அரியரத்தினம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார்.

"யார் இவர்கள்?"

"பெரிய மனிதர்கள், ரெவரண்ட்."

"என்னைத் தெரியுமா இவர்களுக்கு?"

"இப்போது தெரியும்."

"இந்தக் கடைசி ஆள் நான் செத்துவிட்டேன் என்கிறாரா?"

"அது பழக்க தோஷம்."

போதகர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியுமுன்னே சொல்லிவிடவேண்டும் என்று அரியரத்தினம் தாளையும் ஃபாரத்தையும் பன்னிரண்டு பக்கத்தையும் விளக்கினார். ஏழாம் அத்தியாயத்தைக் கடைசியில்தான் சொன்னார்.

"இடம் போதாவிட்டால் நான் குருப்பட்டம் பெற்ற அத்தியாயத்தை எடு" என்றார் போதகர். "பேராயர் வந்ததை எடு. என் படத்தை எடு. இதை எடுக்கக்கூடாது. இதைச் சொல்லத்தான் புத்தகமே எழுதினேன். தனியாக நிற்க வெட்கமாயிருக்கும் என்றுதான் முன்னும் பின்னும் நூறு பக்கம் சேர்த்தேன்."

அரியரத்தினம் தரையைப் பார்த்தார்.

"நான் சாகுமுன் அவர்கள் கையில் இது இருக்கவேண்டும், அரி. செத்த பிறகு என்றால் பாவம், நல்ல மனிதர் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம்." பிறகு கொஞ்சம் குனிந்து கேட்டார்: "உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

"அந்தப் பொயிலரில் ஒரு பழுதும் இல்லை. இரண்டு மணித்தியாலம் அங்கே என்ன செய்தாய்?"

"சும்மா இருந்தேன் ரெவரண்ட். சூடாக இருந்தது."

போதகர் கதிரையைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, "யாரிடமாவது சொன்னாயா?" என்றார்.

"இல்லை" என்றார் அரியரத்தினம், நேர்மையாக.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவருக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. வீரம் அல்ல, அச்சுக்காரப் புத்தி. மறுநாள் கிருபானந்தனைக் கூப்பிட்டார்.

"அண்ணன், உங்கட செய்தியள் இந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்துக்குள்ள கிடந்து மங்கிப்போகும். தனியா ஒரு வாழ்த்து மலர் போடுவம். வழுவழுத்தாள். கலர். முன்னட்டை முழுக்க உங்கட படம்."

"கலர் எண்டா எந்தக் கோட்டு போட?" என்றார் கிருபானந்தன்.

ஏழாம் அத்தியாயத்தை அவர் பிறகு நினைக்கவே இல்லை. நூற்றிப் பன்னிரண்டு பக்கம், ஏழு ஃபாரம், ஒரு சொல் குறையாமல் அச்சேறியது. ஒரு ஃபாரத் தாள் மிஞ்சவும் செய்தது.

வெளியீடு கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அதே மண்டபத்தில். தமிழ்ச் சபையில் நூறு பேர் வந்திருந்தார்கள். போதகரின் பழைய சபையாரில் பதினைந்து முதியவர்கள், பெண்கள் தொப்பியோடு, முன்வரிசையில். பின்சுவரோரம் யோகராணியும் றோஸ்மேரியும் தேத்தண்ணி, கேக், ரோல்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். யோகராணி கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆசுப்பத்திரியில் துப்புரவுப் பகுதி மேற்பார்வையாளர். பதினெட்டு வருடத்துக்கு முன் "கோட்டோடு இருப்போம்" என்று சொன்னவர் அவர்தான். விழா அழைப்பிதழில் அவர் பெயர் 'சிற்றுண்டி' என்ற இடத்தில் இருந்தது.

கிருபானந்தன் நாற்பது நிமிடம் பேசினார். கண்ணீர்க் கதையும் வந்தது. இம்முறை கதையில் போதகர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். முன்வரிசையில் இருந்த போதகருக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் வந்த இடங்களில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு போதகரை அழைத்தார்கள். ஐந்து நிமிடம். அவர் ஒரு பிரதியைத் திறந்து, எழுபத்தோராம் பக்கம் என்று சொல்லி ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்று தமிழில் சொல்லவேண்டியவர் அரியரத்தினம். ஒவ்வொரு வசனத்துக்கும் போதகர் நிறுத்தி அவரைப் பார்த்தார்.

பொயிலர் பழுது என்று சொல்லி அனுப்பினேன் என்பது வரை தமிழ் தடங்கல் இல்லாமல் வந்தது. அடுத்த வசனத்தில் அரியரத்தினத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'பொயிலர் அவ்வளவு சரியாக இருக்கவில்லை' என்று ஒரு சொல்லைப் பூசிவிட்டால் போதும். ஒருவருக்கும் நோகாது. வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை அது. முதல் வரிசையில் கிருபானந்தன் கண்ணால் கெஞ்சினார். போதகரும் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாதவர், ஆனால் எத்தனை சொல் வரவேண்டும் என்று தெரிந்தவர்.

"பொயிலரில ஒரு பழுதும் இருக்கல்ல" என்றார் அரியரத்தினம். "அவர் பொய் சொன்னாராம். பிறகு அஞ்சு ஞாயிறு அவரே போய் வால்வப் பூட்டினாராம். நாங்க குளிரில இருந்தது அதாலதான்."

பின்சுவரோரத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவி நடுவரிசைக்கு வந்தது.

"இது தெரிஞ்ச கதைதானே!" என்றார் யாரோ.

"வால்வுக் கதை தெரியாத ஆள் இஞ்ச ஆரு?" என்றார் இன்னொருவர். "எங்கட பிள்ளையளுக்கே தெரியும்!"

அரியரத்தினம் றோஸ்மேரியைப் பார்த்தார். றோஸ்மேரி கேக்கை ஒரே அளவாக வெட்டுவதில் மிகவும் கவனமாக இருந்தார்.

"என்ன இஞ்ச பாக்கிறீங்க?" என்றார், தலை நிமிராமல். "நான் ஒருத்திக்குத்தான் சொன்ன. யோகாக்காக்கு."

அப்படியானால் எல்லோருக்கும் தெரியும் என்பதே தெரியாமல் பதினெட்டு வருடம் சபையில் இருந்தவர்கள் இருவர்தான். ஒருவர் தலைவர். மற்றவர், தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்த செயலாளர். கிருபானந்தனின் கண்ணீர்க் கதைக்கு வருடா வருடம் இந்தச் சனம் ஏன் அவ்வளவு சந்தோஷமாகக் கைதட்டியது என்பதும் அரியரத்தினத்துக்கு இப்போதுதான் விளங்கியது.

"ஏன் சிரிக்கிறார்கள்?" என்றார் போதகர்.

"அவர்களுக்கு முன்பே தெரியுமாம், ரெவரண்ட்."

"எப்போதிலிருந்து?"

"ஆறாம் ஞாயிறிலிருந்து."

போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றார். விட்டுவிட்டார்களே என்ற நிம்மதி அந்த முகத்தில் இல்லை. பெரிய பாவம் ஒன்றை இத்தனை காலம் தனியே சுமந்ததாக நினைத்திருந்த மனிதருக்கு, அது தேத்தண்ணி மேசையில் பகிடியாக ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் மனம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் ரயிலில் பதினோரு வருடம் ஜோர்ஜாக இருந்தவர். சுருங்கினதைச் சட்டென்று நிமிர்த்திக்கொண்டார்.

"கேள், அரி. அந்தக் குளிரால் யாருக்காவது கெடுதல் வந்ததா என்று கேள்."

அரியரத்தினம் கேட்டார். சிரிப்பு அடங்கியது.

"வந்திச்சு" என்றார் யோகராணி. கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "எங்கட அன்டனுக்கு நெஞ்சில சளி கட்டி நியுமோனியா. பன்னிரண்டு நாள் ஆசுப்பத்திரி. ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிற வேலை, அதுவும் போயிற்று." அரியரத்தினம் அதைப் போதகருக்குத் திருப்பிச் சொன்னார்.

பின்வரிசையில் அவருடைய கணவர் அன்டன் கதிரைக்குள் குனிந்தார். "சும்மா இரு யோகா. பழைய கதை."

"என்ன சும்மா இரு? மனிசன் கேக்குது, சொல்லாம விடுறதா?" போதகரின் பக்கம் திரும்பி ஆங்கிலத்திலேயே சொன்னார்: "நான் மன்னித்துவிட்டேன், ரெவரண்ட். அதே வருடமே. ஆனால் மறக்கவில்லை. நீங்கள் எழுதினது நல்லது. நீங்கள் எழுதினதில் அவர் பெயர் இல்லை."

"இல்லை" என்றார் போதகர். "எனக்குத் தெரியாது."

"இப்போது தெரியும்" என்றார் யோகராணி.

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். புத்தகங்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முதல் பிரதியில் எழுபத்துமூன்றாம் பக்கத்தை எடுத்தார். ஐந்து ஞாயிறு பூட்டினேன் என்ற வரிக்குப் பக்கத்து ஓரத்தில், 'அதனால் அன்டன் பன்னிரண்டு நாள் ஆசுப்பத்திரியில் இருந்தார், வேலையை இழந்தார்' என்று எழுதினார். அடுத்த பிரதியை எடுத்தார். நூற்றைம்பது பிரதி. தொப்பிக்காரப் பெண்களில் ஒருவர் எழுந்துவந்து, எழுதிய பக்கங்களில் மை காய ஊதினார். கிருபானந்தன் நன்றியுரைக்காக ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் அதை வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்று ஒரு பிரதி வாங்கினார். தன் வாழ்த்து மலரை அதற்குள் செருகினார். மலர் பெரிதாக இருந்ததால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் அன்டனே மெல்ல வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு பிரதியைக் கையில் எடுத்து, ஓரத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அரியண்ணன், ஒண்டு சொல்லணும். யோகா பிழையாச் சொல்லிப்போட்டா. பன்னிரண்டு இல்ல. பதின்மூண்டு நாள். விடுற அண்டைக்கு டொக்டர் வரல்ல, அதால ஒரு நாள் கூட வைச்சவங்க."

அரியரத்தினம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். போதகர் பேனாவை நிறுத்தினார். அதுவரை எழுதிய ஒன்பது பிரதிகளையும் திருப்பித் தரச்சொல்லி, வந்த ஒவ்வொன்றிலும் பன்னிரண்டை வெட்டிப் பதின்மூன்று என்று எழுதினார். எட்டுத்தான் இருந்தன. ஒன்பதாவது தலைவரிடம் இருந்தது. அதை வாங்கிவர அரியரத்தினம் போனார்.